பாஷையில்லாத பாட்டு

எங்கள் கம்பெனி பஸ்ஸில் என் இடது தொடைக்கு ஒரு வேலை இருந்தது. என் பக்கத்து சீட்டுக்காரர் அதன் மேல்தான் தாளம் போடுவார். அவருக்கும் சொந்தமாக இரண்டு தொடைகள் இருந்தன. ஆனால் அவற்றின் மேல் டிபன் பை உட்கார்ந்திருக்கும். அங்கே அடித்தால் சாம்பார் கொட்டும், என் தொடையில் அடித்தால் எதுவும் கொட்டாது என்பது அவர் கணக்கு.

தாளம் என்றால் ஏதோ விரலால் தட்டுவது என்று நினைத்துவிடாதீர்கள். ஓங்கி இரண்டு அடி, கொஞ்சம் இடைவெளி, பிறகு சடசடவென்று மூன்று. காதல் பாட்டு, சாமி பாட்டு, சோகப் பாட்டு எல்லாவற்றுக்கும் அதே ஐந்து அடிதான். பாட்டு அதற்குள் அடங்கவில்லை என்றால் அது பாட்டின் குற்றம். நான் கூடவே பாடத் தொடங்கினால் "பாய் முச்சு குரு" என்பார். வாயை மூடு நண்பா என்பதை இத்தனை அன்பாக என்னிடம் வேறு யாரும் சொன்னதில்லை. என் மனைவியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இது தொண்ணூறுகளின் தொடக்கம். நான் பெங்களூரில் தமிழர்கள் நிறைந்த ஜோகுபாளையத்தில் குடியிருந்தேன். பொம்மசந்திராவில் பிரஷர் கேஜ் செய்யும் ஒரு தொழிற்சாலையில், காற்றைச் செலுத்தி முள் சரியான இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. அவருக்கு அசெம்பிளியில். நான் ஏறிய கொஞ்ச நேரத்தில் தொம்லூரில் அவர் ஏறுவார். அங்கிருந்து மடிவாளா, பொம்மனஹள்ளி, ஓசூர் ரோடு என்று ஒரு மணி நேரப் பயணம். அவர் மண்டியா பக்கத்துக் கன்னடக்காரர். பெங்களூரில் இருந்து இருந்து தமிழ் நன்றாகவே வரும். என்னைத் திட்டும்போது மட்டும் தாய்மொழிக்குப் போய்விடுவார்.

பஸ்ஸில் டேப் போடுவதற்கு ஒரு முறை உண்டு. ஒரு நாள் தமிழ், மறுநாள் கன்னடம், வாரத்தின் நடுவில் இந்தி, சனிக்கிழமை சண்டை போட்டு ஜெயிக்கிறவர்களுடையது. டிரைவர் சிவாஜிநகர் பாய். அவருக்கு எந்தப் பாட்டும் பிடிக்காது, அதனால் எல்லோருக்கும் பொதுவான மனிதர். தமிழ் நாளுக்குக் கேசட் கொண்டுவருவது என் பொறுப்பு. பிரிகேட் ரோடுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்த ரெக்கார்டிங் கடையில் காலி கேசட்டையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்துப் பதிவு செய்து வாங்குவேன். பஸ்ஸில் கடைசிப் பாட்டு முடிந்ததோ இல்லையோ, பாய் கேசட்டைத் திருப்பிப் போட்டுவிடுவார். காலி ரீல் ஓடினால் மெஷினுக்குச் சளி பிடிக்கும் என்பது அவர் கட்சி.

பிறகு அந்த டிசம்பர் வந்தது. காவிரித் தண்ணீர் விஷயத்தில் ஊர் பற்றிக்கொண்டது. நடந்தவற்றைச் சொல்ல என்னைவிட அதிகமாகப் பட்டவர்கள் இருக்கிறார்கள். நான் என் வீட்டுக் கதவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஊரடங்கைக் கொஞ்ச நேரம் தளர்த்தியிருந்த ஒரு சாயங்காலம். நானும் மனைவியும் விளக்கைக்கூடப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தோம். குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரம் பார்த்துக் கதவு இடிபட்டது. முதலில் இரண்டு இடி. கொஞ்சம் சத்தமில்லை. பிறகு மூன்று. மனைவி அடுப்பை அணைத்து, குக்கர் தலையில் ஈரத்துணியைப் போட்டு, அது வாயைத் திறந்துவிடக் கூடாது என்று இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டாள். நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன். வெளியே ஒரு குரலும் இல்லை. மறுபடி அதே மாதிரி இடித்தார்கள். பிறகு செருப்புச் சத்தம் தெருமுனைப் பக்கம் போய்விட்டது. அப்படி நான் அதற்கு முன்னும் பயந்ததில்லை, பின்னும் பயந்ததில்லை.

பயம் போனதும் வாய் வந்துவிட்டது. ஐந்து இடி கேட்டதால் ஐந்து பேர், ஆளுக்கு ஓர் இடி என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். பஸ் மறுபடி ஓடத் தொடங்கிய முதல் நாளே அந்தக் கதையைக் கண் காது மூக்கு வைத்து எல்லோருக்கும் சொன்னேன். மடிவாளா வருவதற்குள் அந்த ஐந்து பேர் கையிலும் கட்டை வந்துவிட்டது. பொம்மனஹள்ளியில் ஒருவனுக்குக் கடப்பாரை கிடைத்தது. மத்தியானம் கேன்டீனில் சொன்னபோது ஒரு பெட்ரோல் டின்னும் சேர்ந்துகொண்டது. பஸ்ஸில் கேட்டபோதும் கேன்டீனில் கேட்டபோதும் என் பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தொம்லூரில் ஏறியவர் என்னைப் பார்த்து, "குட் மார்னிங் சார்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. குரு போய் சார் வந்திருந்தது. "இன்னா குரு, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார்" என்றார். அதோடு சரி. டிபன் பையை மடியில் வைத்து அதன் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டார். பஸ் எந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் அந்தக் கைகள் பையை விட்டு நகரவில்லை.

பஸ்ஸிலும் எல்லோரும் அப்படித்தான் ஆகியிருந்தார்கள். தமிழர்கள் கன்னடக்காரர்களுக்கு ஜன்னல் சீட்டை விட்டுக்கொடுத்தார்கள். கன்னடக்காரர்கள் வேண்டாம் வேண்டாம் என்று நின்றுகொண்டே வந்தார்கள். கடைசியில் ஜன்னல் சீட்டுகள் காலியாகக் கிடந்தன. டேப்பே வேண்டாம் என்று பாய் ஒரேயடியாக நிறுத்திவிட்டார். "தமிளும் நக்கோ, கன்னடமும் நக்கோ. ரோட்ல எவனாவது கேட்டுட்டு கல்லு உட்டா கண்ணாடிக்கு யாரு ஜவாப்?" என்றார். இந்தியாவது போடலாமே என்று யாரோ கேட்டதற்கு, "அதுவும் நக்கோ. இது ஒண்ணு போட்டா அது ஒண்ணு கேப்பீங்க" என்று முடித்துவிட்டார்.

பாட்டில்லாத பஸ்ஸில் ஒரு மணி நேரம் மரியாதையாக உட்கார்ந்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதர் பழையபடி என் தொடையில் அடிக்க வேண்டும், வாயை மூடு என்று சொல்ல வேண்டும். அவர் ஏன் இப்படி ஆனார் என்று எனக்கு விளங்கவில்லை. ஊர் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிரிந்ததில் அவரும் அந்தப் பக்கம் போய்விட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, பஸ்ஸுக்கு உதவாமல் கிடந்த தமிழ்க் கேசட்டை ஓடவிட்டேன். கடைசிப் பாட்டு முடிந்தது. வீட்டில் திருப்பிப் போட பாய் இல்லாததால் ரீல் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்சம் இரைச்சல். பிறகு எங்கிருந்தோ ஒரு சத்தம் மெதுவாக வந்தது. ஒரே ஒரு சுரம். ஹார்மோனியத்தில் ஒரு கட்டையை அழுத்தி அதன் மேல் செங்கல்லை வைத்துவிட்டு ஆள் டீ குடிக்கப் போய்விட்ட மாதிரி இருந்தது. பிறகு அதன் கீழே இன்னொரு சுரம் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஒரு கேள்வியும் கேட்காமல் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

மனைவி சமையலறையிலிருந்து, "இன்னாங்க, மிக்ஸி ஓடுதா?" என்றாள்.

"டேப்பு."

"ரிப்பேரா?"

"இல்ல, பாட்டு. கேளேன்."

வந்து கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "எப்ப ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு."

என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு அது பிடித்துவிட்டது. டிசம்பரிலிருந்து என் காது ஒரு கெட்ட பழக்கம் பழகியிருந்தது. தெருவில் யார் கூவினாலும் எந்த பாஷையில் கூவுகிறான் என்று முதலில் பார்க்கும். வெங்காய வண்டிக்காரனைக்கூட விடாது. இந்தச் சத்தத்தை அப்படி விசாரிக்க முடியவில்லை. அதற்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. பல வாரங்களுக்குப் பிறகு தோள் இறங்கி, மூச்சு முழுசாக வந்தது. அப்படியே கண்ணை மூடி நின்றதில் சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி அளவுக்கு ஒரு பழுப்பு மண்டபம் எழும்பிவிட்டது. அந்தச் சட்டையை நான் ரொம்ப நாள் வைத்திருந்தேன்.

மறுநாள் சாயங்காலமே மாடிப்படிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் பின்னால் குடுமி போல முடியைக் கட்டியிருப்பார், கழுத்தில் எப்போதும் ஹெட்போன் தொங்கும். நல்ல தமிழர்தான். ஆனால் சினிமாப் பாட்டுப் பட்டியலோடு வருகிறவர்களை, செருப்போடு கோயிலுக்குள் வந்தவர்களைப் பார்ப்பது போலப் பார்ப்பார். கேசட்டின் கடைசியில் என்ன போட்டீர்கள் என்று கேட்டேன். முதல் முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கேட்டீங்களா? இத்தன வருஷத்துல ஒருத்தர் கூட அதப் பத்திக் கேட்டதில்ல" என்றார். பாட்டு முடிந்து ரீல் மிச்சம் இருந்தால் தனக்குப் பிடித்ததை அதில் போட்டு நிரப்பிவிடுவாராம். பெங்களூர் முழுக்கத் தெரியாத வீடுகளுக்கு அப்படித் தன் ரசனையை அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். "அது ஆம்பியன்ட். அத உக்காந்து கேக்கக் கூடாது."

"பின்ன?"

"அது பாட்டுக்கு இருக்கும். நீங்க பாட்டுக்கு இருக்கணும்."

இரண்டு பக்கமும் அதையே போட்டு ஒரு முழுக் கேசட் வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் தொழிற்சாலையில் ஒரு விசித்திரம் நடந்தது. பல வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த கம்ப்ரஸருக்கு ஒரு சுருதி இருப்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கூரை ஃபேன் அதற்குக் கொஞ்சம் மேலே நின்றது. கேஜின் முள்ளைப் பார்க்க வேண்டிய நான் கூரையைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டு நின்றதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, லீவு வேண்டுமா என்று கேட்டார்.

மூளையில் பல்பு எரிந்தது அப்போதுதான். பஸ்ஸில் தமிழ் கூடாது, கன்னடம் கூடாது. இதில் பாஷையே இல்லை. பாட்டு வந்தால் அவர் கை பையை விட்டு எழும், எழுந்தால் என் தொடை அங்கேதான் இருக்கிறது. பாயிடம் போய்க் கெஞ்சினேன். ஒரு வார்த்தை வந்தாலும் கேசட்டை ஜன்னல் வழியாக வீசிவிடுவேன் என்ற நிபந்தனையோடு போட்டார்.

தொம்லூர் தாண்டி ஆம்பியன்ட் ஆரம்பித்தது. யாருக்கும் ஆரம்பித்ததே தெரியவில்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னால் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மடிவாளா நெருங்கும்போது பாய் முகம் மாறியது. கியரைக் குறைத்தார், கூட்டினார், காதைச் சாய்த்துக் கேட்டார். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, குனிந்து கீழே பார்த்தார். பானெட்டைத் திறந்தார். பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் ஊளையிடுகிறது என்பது அவர் தீர்ப்பு. அது டேப் என்று நான் போய்ச் சொல்வதற்குள் அவர் கையெல்லாம் கிரீஸ். "என்ஜின் ஆஃப் பண்ணாலும் கத்துது ஜி, நான் பயந்துட்டேன்!" என்று கேசட்டை எடுத்து என் கையில் வைத்தார். அதில் பதிந்த கிரீஸ் கைரேகை கடைசிவரை போகவில்லை. அன்றைக்கு எல்லோரும் லேட்.

என் பக்கத்து சீட்டுக்காரர் சிரிக்கவில்லை. "பரவால்ல சார்" என்றார். கேசட்டின் குறை எனக்குப் புரிந்தது. அதில் அடி இல்லை. அடி இல்லாத பாட்டில் அவர் எங்கே போய் அடிப்பார்?

கடைக்காரரிடம் ஓடினேன். பாஷை கூடாது, ஆனால் தாளம் வேண்டும் என்றேன். வைத்தியர் மருந்து மாற்றுவது போல வேறொரு பெட்டியைத் திறந்தார். "எலெக்ட்ரானிக். எல்லாம் மெஷின். மனுஷன் கையே படாது." வீட்டில் போட்டதும் அலமாரியில் டம்ளர்கள் நடந்தன. மனைவி டம்ளர்களை எடுத்துத் தரையில் வைத்தாள்.

டிஃபரன்ஷியல் மாதிரி ஊளையிடாது என்று சத்தியம் செய்து பாயைச் சம்மதிக்க வைத்தேன். தும் தும் தும் என்று ஆரம்பித்தது. பஸ்ஸின் தகரமெல்லாம் கூடவே பாடியது. ஓரக்கண்ணால் பார்த்தேன். டிபன் பையின் மேல் அவர் ஆட்காட்டி விரல் ஒரு தரம் அசைந்தது. எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அதற்குள் பின் சீட்டிலிருந்து பேக்கிங் பிரிவு அக்கா எழுந்து நின்றாள். ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரி, பயந்து பேசி அறியாதவள்.

"இன்னாப்பா இது, பவர் பிரஸ் ஓடற மாதிரி! நாள் பூரா அங்க கேக்கறது போதாதா? வர்ற வழியிலயே டூட்டி ஆரம்பிச்சிட்டா ஓவர்டைம் யாரு போடுவா?"

பஸ்ஸே ஆமாம் ஆமாம் என்றது. கன்னடத்திலும் ஆமாம், தமிழிலும் ஆமாம். டிசம்பருக்குப் பிறகு பஸ்ஸில் இரண்டு பக்கமும் ஒத்துப்போன முதல் விஷயம் என் ரசனை மோசம் என்பதுதான். விரல் திரும்ப பையின் மேல் படுத்துவிட்டது.

மூன்றாவது முறை போனபோது நானே கடையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். மாலை முழுவதும் ஹெட்போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. நான் கேட்டே இராத தேசங்கள் எல்லாம் வந்து போயின. ஒன்றில் தொண்டைக்குள்ளேயே இரண்டு குரலில் பாடினார்கள். ஒன்றில் தண்ணீர்க் குழாய் போல எதையோ ஊதினார்கள். எனக்கு நாக்கில் எச்சில் ஊறுகிற மாதிரி காதில் ஏதோ ஊறியது. எதற்காக வந்தேன் என்பதைக்கூடக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன். கடைசியில் ஒன்றில் புல்லாங்குழல் ஒன்று வந்தது, கீழே ஆம்பியன்ட் சத்தம் விரிந்தது, அதன் மேல் தோல் கருவி ஒன்று விழுந்து விழுந்து அடித்தது. உட்கார்ந்திருந்த ஸ்டூலோடு நகர்ந்தேன்.

"வேர்ல்டு ஃபியூஷன்" என்றார் கடைக்காரர். "டிரம் ஆப்பிரிக்கா. குழல் ஜப்பான். மெஷின்காரன் ஐரோப்பா. எல்லாரும் ஒண்ணா வாசிக்கறாங்க."

"ஒரே ரூம்லயா? சண்ட வரலையா?"

"ரூம் வேற வேற. தனித்தனியா வாசிச்சு டேப்ப மட்டும் ஒட்னாங்க."

எங்கள் ஊரிலும் இப்போது ஆளை ஆள் அப்படித் தனித்தனியாகத்தானே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பாய் கேசட்டை வாங்கும்போதே, "இதான் கடைசி ஜி" என்றார். தொம்லூரில் அவர் ஏறினார், குட் மார்னிங் சார் சொன்னார், கைகளைப் பையின் மேல் வைத்தார். குழல் வந்தது, யாரும் திட்டவில்லை. பொம்மனஹள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் டிரம் விழுந்தது. பஸ்ஸில் ஒரு சலசலப்பு. தூங்கியவர்கள் நிமிர்ந்தார்கள். பக்கத்தில் அவருடைய வலது கை பையை விட்டு எழுந்தது. நிஜமாகவே எழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடையை லேசாக அவர் பக்கம் தள்ளிவைத்தேன். அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கிறதே!

"நம்ம தப்பட்ட மாதிரியே இருக்கு இல்ல?" என்றேன்.

கை பாதியில் நின்றது. அவர் என் பக்கம் திரும்பினார். "யாரு தப்பட்ட?"

"நம்ம தப்பட்ட. திருவிழாவுக்கு அடிப்பாங்களே."

"இது தமட்டெ. கரகத்துக்கு அடிக்கிற தமட்டெ. எங்க ஊர்ல பொறந்த கொழந்தைக்கும் தெரியும்."

"கரகமா? எங்க தெரு மாரியம்மனுக்குக் கூழு ஊத்தறப்ப இதேதான்யா அடிப்பாங்க!" என்று பின்னாலிருந்து பேக்கிங் அக்கா.

"அம்மா, அது வேற, இது வேற!" என்று முன் சீட்டிலிருந்து ஒரு கன்னடக் குரல். கன்னடக்காரர்கள் தமட்டெ என்றார்கள், தமிழர்கள் தப்பட்டை என்றார்கள். இரண்டு பக்கமும் தங்கள் ஊரில் அதை யார் யார் எப்படி எப்படி அடிப்பார்கள் என்று ஜன்னல் கம்பியிலும் சீட்டு முதுகிலும் அடித்தே காட்டத் தொடங்கினார்கள். "நக்கோ ஜி, எல்லாம் தப்பு. இது மொஹரம் டோலு!" என்று பாய் ஸ்டியரிங்கில் அடித்துக் காட்டினார். ஆப்பிரிக்கா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்திருந்தும் நானும் தொண்டை கிழியத் தப்பட்டை என்றுதான் கத்திக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் போன லாரி ஒன்று காது கிழிய ஹாரன் அடித்தது. பாய்க்குச் சட்டென்று கண்ணாடி ஞாபகம் வந்துவிட்டது. டேப்பைப் பட்டென்று அணைத்தார். பஸ் அடங்கியது. நாங்கள் எதைப் பற்றி, யாரோடு, எவ்வளவு சத்தமாகக் கத்திக்கொண்டிருந்தோம் என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாம் போயிற்று, இனி ஜன்மத்துக்கும் சார்தான் என்று எனக்கு அழுகை வரப்பார்த்தது.

அந்த அமைதியில் என் பக்கத்து சீட்டுக்காரர் பேசினார். சத்தமாக இல்லை.

"நீ தமட்டெ பத்திப் பேசறியா? கதவுல தட்டினா எவன் தட்டறான்னு தெரியாத காது உன்னுது."

"எந்தக் கதவு?"

"உன் வீட்டுக் கதவுதான். டிசம்பர்ல."

நான் அவர் பக்கம் முழுசாகத் திரும்பினேன்.

"அஞ்சு பேரு வந்தாங்களாமே. கட்ட எடுத்துட்டு. கடப்பாரை எடுத்துட்டு. பெட்ரோல் டின்னு வேற" என்றார். "நான் ஒருத்தன் குரு. கையில ஒரு பை. எங்க வீட்டுக் கொடியில காய்ச்ச சௌசௌ, ரெண்டு பால் பாக்கெட். உள்ள நீ சாப்ட்டியோ இல்லையோன்னு வந்தேன்."

"கூப்பிட்டிருக்கலாம் இல்ல!"

"எந்த பாஷையில கூப்பிடறது? உங்க தெருவுல நின்னு கன்னடத்துல கூவினா நான் முழுசா வீடு போயிருப்பேனா? தமிழ்ல கூவினா, அது எங்க தெரு வரைக்கும் போய் எவன் காதுல விழுமோ. அதான் வாயே தொறக்காம தட்டினேன். தெனம் உன் தொடைமேல அடிக்கறதுதானே, அதையே அடிச்சேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

இரண்டு இடி. கொஞ்சம் இடைவெளி. மூன்று. இருட்டுச் சமையலறையில் குக்கரை அமுக்கிக்கொண்டு நின்ற என் மனைவியும், கதவுக்கு அந்தப் பக்கம் சௌசௌ பையோடு நின்றிருந்த இவரும் எனக்கு ஒன்றாகத் தெரிந்தார்கள். நான் சந்து சந்தாகத் தேடி, ஜப்பான் வரைக்கும் போய்க் கொண்டுவந்த பாஷையில்லாத பாட்டை இந்த மனிதர் என் வீட்டு வாசலிலேயே வாசித்திருக்கிறார். நான் அதற்குக் கடப்பாரை கொடுத்து ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன், அதுவும் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு.

"என் தொடைக்குத் தெரிஞ்சிருக்கும் குரு. அது கதவாண்ட இல்ல" என்றேன்.

முதலில் பேக்கிங் அக்கா சிரித்தாள். பிறகு பின்னால் யார் யாரோ. பாய் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார், கையை நீட்டி டேப்பைத் திரும்பப் போட்டார். விட்ட இடத்திலிருந்து டிரம் ஆரம்பித்தது. நான் மன்னிப்பு கேட்பதற்காக வாயைத் திறந்தேன்.

"பாய் முச்சு" என்றார்.

அப்புறம் அடித்தார். இரண்டு, கொஞ்சம் விட்டு மூன்று. மாதக்கணக்கில் சேர்த்து வைத்திருந்த அடி. வலி உயிர் போயிற்று. கண்ணில் வந்த தண்ணீருக்கு நல்ல காரணம் கிடைத்தது என்று நானும் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன். பொம்மசந்திரா வரைக்கும் அவர் நிறுத்தவில்லை. ஆப்பிரிக்க டிரம்மும் அந்த ஐந்து அடிக்குள் அடங்கவில்லை. அது டிரம்மின் குற்றம்.

பஸ்ஸில் பாட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதலில் கன்னடம், அடுத்த வாரமே என் பக்கத்து சீட்டுக்காரர் தன் கையாலேயே கொடுத்த தமிழ்க் கேசட். என் வேர்ல்டு ஃபியூஷனை அதன்பின் யாரும் கேட்கவில்லை. நான் வீட்டில் கேட்டுக்கொண்டேன், இன்றும் கேட்கிறேன். மனைவிக்கு மட்டும் இன்னும் அது ஆரம்பிக்கவில்லை.

பஸ்ஸில் அந்த அடி விழுந்த வார ஞாயிற்றுக்கிழமை அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். காலையிலிருந்தே கதவை விரியத் திறந்து வைத்திருந்தேன். நடந்ததை மனைவியிடம் சொன்னபோது அவள் வெகுநேரம் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தாள். மத்தியானம் அடுப்பில் குக்கர் ஏறியிருந்தது. அவர் பையோடு வந்தார், திறந்திருந்த கதவைப் பார்த்தார், ஆனாலும் பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவின் மேல் ஓங்கி இரண்டு அடி அடித்தார். கொஞ்சம் பொறுத்து மூன்று.

சமையலறையிலிருந்து மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் குரல் கொடுத்தாள்.

"இன்னாங்க, அஞ்சு பேர் வந்திருக்காங்க பாருங்க. உள்ள வரச் சொல்லுங்க."